பத்துப் பேர் கையெழுத்து

'ஸ்க்விட் கேம்' தொடரை முதல் முறை பார்த்தது சென்னையில், விடுதி அறையில், தனியாக. இரண்டாவது முறை சுண்ணாம்புக்குளத்தில், சின்னம்மா வீட்டுத் திண்ணையில், தமிழ்க் குரலில், ஒரே ஒரு செல்போனில், ஐந்து பெண்களோடு. அன்று காலை ஏரியில் இறால் தடவிவிட்டு வந்தவர்கள் இரண்டு பேர். மீன் கூடையோடு கும்மிடிப்பூண்டி வரை போய் வந்தவர் ஒருவர். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பார்வையில் பிறந்தது.

பச்சை உடுப்புப் போட்ட 456 பேர் ஒரு பெரிய கூடத்தில் கண் விழிக்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒருவரையொருவர் தெரியாது. எல்லோரும் கடன்காரர்கள். முகமூடி போட்ட ஒருவன் சிலருடைய கடனைச் சபையில் படித்துக் காட்டுகிறான். அந்த இடத்தில் சின்னம்மா சொன்னாள்: "இன்னாடி இது, நம்ம குழுக் கூட்டம் மாதிரியே கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்நியர்களை ஓரிடத்தில் அடைத்து ஒவ்வொருவராகக் கொல்லும் கதை புதியதல்ல. 1939இல் அகதா கிறிஸ்டி பத்துப் பேரை ஒரு தீவுக்கு வரவழைத்து எழுதிய நாவலே இந்த வகைக்குப் பாட்டி. 1965இல் இந்தியில் வந்த 'கும்நாம்' அதன் வழியில் வந்தது. அதில் மாட்டிக்கொள்பவர்கள் பரிசுக் குலுக்கலில் சுற்றுலா வென்றவர்கள். 1984இல் தமிழில் 'நாளை உனது நாள்' வந்தது. 1997இல் வந்த கனடாப் படமான 'க்யூப்', 2004இல் வந்த 'சா', 2019இல் வந்த 'எஸ்கேப் ரூம்' எனப் பட்டியல் நீளும். கிறிஸ்டியிடம் அடைபட்டவர்கள் குற்றவாளிகள். தண்டனை என்று ஒரு சாக்கு இருந்தது. நம் காலத்துக் கதைகளில் அந்தச் சாக்கும் போய்விட்டது. 'ஸ்க்விட் கேம்' ஆட்களின் குற்றம் கடன் வாங்கியது மட்டும்தான்.

இந்தக் கதைகளுக்கு அந்நியர்கள்தான் தேவை. தெரியாதவனைத் தள்ளிவிட்டு மேலே ஏறுவது எளிது என்பது இவற்றின் அடிப்படை நம்பிக்கை. முன்பின் தெரியாதவர்கள் நடுவில், விதிமுறை தெரியாத வீட்டில், தப்பு செய்தால் தண்டனை என்ற நிலையில் மாட்டிக்கொள்வதை ஆண் பார்வையாளர் பெரும் திகிலாகப் பார்க்கிறார். எங்கள் ஊரில் அதற்குக் கல்யாணம் என்று பெயர். மற்றவர்களுக்குத் திகிலாக இருக்கும் முதல் அரை மணி நேரம் திண்ணையில் இருந்த பெண்களைப் பெரிதாகப் பயமுறுத்தாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒப்பந்தம். தொடரில் மூன்று விதிகள். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. ஆட மறுத்தால் வெளியேற்றம், அதாவது சாவு. பெரும்பான்மை சம்மதித்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். முதல் ஆட்டத்திலேயே பாதிக்கு மேல் செத்துப்போக, மிஞ்சிய 201 பேர் வாக்களிக்கிறார்கள். 101 பேர் போகலாம் என்கிறார்கள், 100 பேர் இருக்கலாம் என்கிறார்கள். போகிறார்கள். ஆனால் 187 பேர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். இயக்குநர் ஹ்வாங் டாங்-ஹ்யுக் செய்த மிகக் கூர்மையான காரியம் இதுதான். பூட்டு வாசலில் இல்லை, வாசலுக்கு வெளியே இருக்கிறது என்று காட்டிவிட்டார். 'நீயாகத்தானே கையெழுத்துப் போட்டாய்' என்ற வாக்கியம் எவ்வளவு பெரிய பொய் என்பதை இந்த ஒரு அத்தியாயம் சொல்லிவிடுகிறது.

எங்கள் பக்கத்துக் குழுக்கடனும் இதே வாக்கியத்தில்தான் நிற்கிறது. பத்துப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். சொத்து அடமானம் கிடையாது. ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்ற ஒன்பது பேர் கட்ட வேண்டும். கூட்டுப் பொறுப்பு என்று அதற்குப் பெயர். பணம் பெரும்பாலும் வலைக்கும் படகு இன்ஜினுக்கும் புருஷனின் பழைய கடனுக்கும் போகும். கையெழுத்து மட்டும் பெண்ணுடையது. வாரத் தவணை நாளில் ஒருத்தி வீட்டில் கூடுவார்கள். கடைசிப் பெண்ணின் பணம் வரும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. ஏரியின் முகத்துவாரம் மண்மூடி, மீன்பாடு குறைந்த மாதங்களிலும் தவணைக்கு விடுமுறை கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் இது தற்கொலைகள்வரை போய், 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போட வேண்டிவந்தது. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை கட்டாய வசூலுக்கு எதிரான சட்டமுன்வடிவை நிறைவேற்றியது 2025 ஏப்ரலில்.

இனி, ஆட்டத்துக்குள் பெண்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்ப்போம்.

கயிறு இழுக்கும் போட்டிக்கு அணி சேர்க்கும்போது பெண்கள் வேண்டாம் என்கிறார்கள். மி-ந்யோ என்ற பெண், டோக்-சு என்ற ரவுடியோடு படுத்து அவன் பாதுகாப்பை வாங்கியிருக்கிறாள். கயிறு இழுக்கும் நேரம் வந்ததும் அவன் அவளைக் கழற்றிவிடுகிறான். கத்துகிறாள், கெஞ்சுகிறாள், பொய் சொல்கிறாள். தொடர் அவளைக் கோமாளியாகவே காட்டுகிறது. விடுதியில் தனியாகப் பார்த்தபோது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. திண்ணையில் அப்படி இல்லை. மீன் விற்கும் அக்கா சொன்னார்: "வாய் இல்லன்னா அவள மொத நாளே முடிச்சிருப்பானுங்க." சந்தையில் வாயால் பிழைக்கும் பெண் சொன்ன விமர்சனம் அது. கண்ணாடிப் பாலத்தில் மி-ந்யோ டோக்-சுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தபோது திண்ணை கைதட்டியது. எனக்கு அந்தக் கைதட்டலில் ஒரு தயக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஏமாற்றப்பட்ட பெண்ணுக்குக் கதை கொடுக்கும் நீதி, அவளும் சேர்ந்து சாவதாகவே ஏன் இருக்க வேண்டும்?

அந்தக் கேள்வி கோலி ஆட்டத்தில் இன்னும் பெரிதாகிறது. ஜோடி சேரச் சொல்கிறார்கள். சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, ஜோடியில் ஒருவர் சாக வேண்டும் என்று. ஆண்கள் ஆடுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், அழுகிறார்கள். சே-ப்யோக், ஜி-யோங் என்ற இரு இளம்பெண்கள் மட்டும் ஆடாமல் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருத்திக்குத் தம்பியும் தாயும் இருக்கிறார்கள். மற்றவளுக்கு யாருமில்லை, தாயைக் கொன்ற தகப்பனைக் கொன்றுவிட்டு ஜெயிலில் இருந்து வந்தவள். கடைசியில் ஒரே ஒரு கோலி எறிய வேண்டும். ஜி-யோங் தன் கோலியைக் காலடியில் போட்டுவிடுகிறாள்.

இந்தத் தொடரில் எல்லோரும் கொண்டாடுவது இந்தக் காட்சியைத்தான். நானும் கல்லூரியில் இதைப் பெண்களுக்கிடையிலான தோழமை என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். இப்போது அப்படி எழுத மாட்டேன். அவர்கள் பேசிய பேச்சு தோழமை. கோலியைக் கீழே போட்டது தோழமை அல்ல. 'எனக்கு யாருமில்லை, அதனால் நான் போகிறேன்' என்று ஒரு பெண்ணைச் சொல்லவைத்தது எது? பிள்ளை, தம்பி, தாய் என்று யாருக்காவது தேவைப்படும் பெண்ணுக்கே வாழ உரிமை என்ற பழைய கணக்கு. அவ்வளவுக்கும் பிறகு சே-ப்யோக்கும் இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவே கொல்லப்படுகிறாள். ஜெயிப்பவன் கி-ஹுன். இரண்டு பெண்களின் சாவும் அவன் மனசாட்சிக்கு எரிபொருள்.

2025 ஜூனில் வந்த மூன்றாம் பருவம் இந்தக் கணக்கை முடித்துவைக்கிறது. ஜுன்-ஹி என்ற கர்ப்பிணி ஆட்டத்துக்குள்ளேயே பிரசவிக்கிறாள். பிரசவம் பார்த்த கும்-ஜா என்ற மூதாட்டி, தாயையும் சேயையும் காப்பாற்றத் தன் மகனையே குத்துகிறாள், பிறகு தானும் உயிரை விடுகிறாள். கால் முறிந்த ஜுன்-ஹி குழந்தையைக் கொடுத்துவிட்டுக் குதிக்கிறாள். அவளுடைய 222 என்ற எண் குழந்தைக்குப் போகிறது. கி-ஹுனும் கடைசியில் அந்தக் குழந்தைக்காகச் சாகிறான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவன் தியாகம் செய்ய மூன்று பருவம் எடுத்துக்கொள்கிறான். பெண்களிடம் தியாகம் மூச்சு விடுவதுபோல் எதிர்பார்க்கப்படுகிறது. ஜெயிக்கும் ஒரே பெண், பேசத் தெரியாத பச்சைக் குழந்தை.

வேறு மாதிரி ஒரு முடிவு சாத்தியமா? அஸ்வின் சரவணன் இயக்கிய 'கேம் ஓவர்' (2019) அந்நியர்கள் அடைபட்ட கதை அல்ல. ஒரு வீடு, சக்கர நாற்காலியில் ஸ்வப்னா, வீட்டு வேலை செய்யும் கலாம்மா, வெளியே கொலைகாரர்கள். ஸ்வப்னாவுக்குக் கிடைப்பது மூன்று உயிர்கள். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது, உயிர்களைத் தியாகம் செய்யாமல் கற்றுக்கொள்ளச் செலவழிப்பது.

இன்னொரு முடிவு எங்கள் ஏரியிலேயே இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் சில. எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் சண்டை. ஆகவே சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. சீட்டில் தோற்றவர் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை, அடுத்த முறைக்குக் காத்திருப்பார். குலுக்கல் என்றால் கொலை என்று இல்லை, பங்கிடவும் குலுக்கலாம். ஆனால் இதையும் நான் கொண்டாடி முடிக்க முடியாது. அந்தச் சீட்டு குறிப்பிட்ட சாதி ஆண்களுக்கானது. அதில் பெண் பெயர் கிடையாது. பறியை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவும் இருளர் பெண்களுக்குப் பாடும் இல்லை, சீட்டும் இல்லை. பெண்ணுக்கு வந்து சேர்ந்த ஒரே கூட்டு, கடன் குழு.

திண்ணையில் கோலிக் காட்சி முடிந்தபோது ஒருவரும் அழவில்லை. சின்னம்மா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அந்தக் குழுவில் ஒருத்தி மூன்று வாரம் தவணை கட்டவில்லை. புருஷனுக்குக் காலில் அடிபட்டு ஏரிக்குப் போகவில்லை. வசூலுக்கு வந்தவர் இரவு ஒன்பது மணிவரை நாற்காலியைவிட்டு எழவில்லை. கடைசியில் ஒன்பது பெண்களும் அவள் வாசலுக்குப் போனார்கள். படித்த பிள்ளை என்று என்னையும் கூட்டிப் போனார்கள். கூட்டுப் பொறுப்பு என்ற பத்தியை, தெருவிளக்கில், அவளுக்குக் கேட்கும்படி படித்தது நான். யாரும் அவளைத் திட்டவில்லை. அவள் இரண்டு கம்மலையும் கழற்றிப் படியில் வைத்தாள். மறுநாள் காலை வீடு பூட்டியிருந்தது. தடா பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். 'நல்லவ, நம்மள மாட்டி விடல' என்று ஊர் பேசியது. ஜி-யோங்கைப் பாராட்டி நான் கல்லூரியில் எழுதியதும் அதே வாக்கியம்தான்.

முகமூடி போட்டவன் கடனைச் சபையில் படிக்கும்போது நான் சிரித்தேன் என்று தொடக்கத்தில் எழுதினேன். இந்தக் கதைகளைப் பார்க்கும்போது நாம் எப்போதும் ஆடுபவர்கள் பக்கம் நம்மை வைத்துக்கொள்கிறோம். படித்துக் காட்டுபவனின் குரலில் நம் குரலைக் கேட்பதில்லை. வாசிக்கத் தெரிந்த பெண்களாகிய நாம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

சின்னம்மா ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: "அவ கோலிய கீழ போடல. நாமதான் தட்டி வுட்டோம்."

கம்மல் இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. அதை மீட்க ஒன்பது பேரும் மாதம் கொஞ்சம் போடலாம் என்று அன்றிரவு பேச்சு எழுந்தது. இதுவரை நான்கு பேர் போட்டிருக்கிறார்கள். ரசீதை நான் வைத்திருக்கிறேன்.