கள்ளிச்சொட்டு டிகாக்ஷன்: பில்டர் காப்பியின் மரபுகளும் அளவுகோல்களும்

தென்னிந்திய பில்டர் காப்பிக்கு ஒரே இலக்கணம் கிடையாது. பீபெரி இல்லாமல் காப்பியே இல்லை என்று வாதாடும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பிளான்டேஷன் ஏ தவிர வேறு கொட்டை படியேறாது. சிக்கரி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது இல்லாத காப்பியை வெறும் மணம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இந்த வழக்குகள் நீடிப்பது காப்பிக்கு நல்லது. நாவின் விருப்பம் அவரவர் உரிமை. ஆனால் விருப்பம் வேறு, தரம் வேறு. எந்தக் கட்சிக்காரரும் விட்டுக்கொடுக்கக் கூடாத சில அளவுகோல்கள் இந்த மரபில் இருந்தன. அவை தளர்ந்துவருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பாபா பூதன் என்ற சூஃபிப் பெரியவர் மக்கா யாத்திரையிலிருந்து திரும்புகையில் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது 17ஆம் நூற்றாண்டைப் பற்றிய செவிவழிக் கதை. அந்த மலைத்தொடருக்கு இன்றும் அவர் பெயர்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காப்பியைத் தோட்டப் பயிராக்கினார்கள். இன்று நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய 70 விழுக்காடு கர்நாடகத்தினுடையது. தமிழ்நாட்டுக்கும் சேர்வராயன் மலை, நீலகிரி, ஆனைமலை, பழனி மலை என்று சொந்தக் காப்பி நிலங்கள் உண்டு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து அராபிகாவுக்கு உரிய பெயர் நம்மவரிடையே இன்னும் கிடைக்கவில்லை என்பது என் குறை. காலையில் நீராகாரம் குடித்த தமிழகத்தில் காப்பி எப்படி நுழைந்து நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வரலாற்றுக்குள் நான் போகவில்லை.

பொடிக்கடைப் பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்வது முதல் பாடம். ‘பிளான்டேஷன்’ என்றால் பழத்தின் சதையை நீக்கி, கழுவி உலர்த்திய அராபிகா. ‘ஏ’ என்பது சல்லடையில் தங்கும் பெரிய கொட்டை. பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து எடுத்தது ‘செர்ரி’. கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டாவுக்கு ‘பார்ச்மென்ட்’ என்று பெயர். பீபெரி தனிச் சாதி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு பருப்புகள் தட்டையாக முகம் பார்த்து இருக்கும். சில பழங்களில் ஒன்றே உருண்டையாகத் திரண்டுவிடும். அதைப் பொறுக்கிப் பிரித்தால் பீபெரி. ரோபஸ்டாவிலும் பீபெரி உண்டு. ஆகவே வெறும் ‘பீபெரி’ என்று கேட்டு வாங்குபவர், எதன் பீபெரி என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மணத்துக்கு அராபிகா, அழுத்தத்துக்கு ரோபஸ்டா. ரோபஸ்டாவில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் அதற்கேற்ப. பால் சேர்க்காத காப்பிக்கு முழு அராபிகாவே போதும். நம்முடையது பால் காப்பி. பாலுக்கு அடியில் காப்பி அமுங்கிப் போகாமல் இருக்க, பிளான்டேஷன் ஏ பாதி, அராபிகா பீபெரி பாதி, அதன்மேல் கைப்பிடி ரோபஸ்டா என்று கலந்தால் எனக்குத் திருப்தி. ரோபஸ்டாவை இழிவாகப் பேசும் வழக்கம் நியாயமற்றது. நன்றாகப் பதப்படுத்திய ரோபஸ்டா, பழைய அராபிகாவைவிட நூறு மடங்கு மேல்.

இனி சிக்கரி. இது ஒரு செடியின் வேர். குஜராத்தில் பயிராகிறது. வறுத்தால் கருகிய சர்க்கரையின் மணமும் அடர் நிறமும் வரும். கஃபீன் துளியும் கிடையாது. டிகாக்ஷனுக்குக் கனமும் கறுப்பும் தருவது அதன் குணம். காப்பிக் கொட்டையைவிட மலிவு என்பது அதன் இன்னொரு குணம். சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு சிக்கரி சேர்ப்பது ஒரு பாணி. அதை நான் மதிக்கிறேன். நல்ல ஓட்டல்களின் காப்பிக்கு வாய்த்த உருட்சி அதனால் வந்தது. ஆனால் கலவைப் பொடியில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதுதான் நம் உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது 49 பங்கு வரை வேர்ப்பொடி இருக்கலாம். சட்டத்துக்கு அது போதும்; நாவுக்குப் போதாது. முப்பது பங்கைத் தாண்டினால் அங்கே பாணி என்று சொல்ல எதுவுமில்லை. விகிதத்தைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்பதும் விதிதான். எத்தனை பேர் பார்க்கிறோம்?

வறுவலில் இரண்டு கட்சி. ஒரு சாரார் மரப்பட்டை நிறத்தில் நிறுத்துவார்கள். மற்றவர் எண்ணெய் மினுக்கும்வரை போவார்கள். முன்பு பல வீடுகளில் கொட்டையை வாங்கி, கைப்பிடி சுழற்றும் உருளையில் வறுத்து, மேசை விளிம்பில் முடுக்கிய மிஷினில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்தார்கள். அந்த உழைப்பு இன்று எல்லோராலும் ஆகாது. ஆனால் அதன் காரணம் மாறவில்லை: அரைத்த நொடியிலிருந்து மணம் போகத் தொடங்குகிறது. பொடி புதிதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. வெந்நீர் பட்டவுடன் புதுப்பொடி நுரைத்து உப்பும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு வெளியேறுவதால் அப்படி. அசையாமல் நனைந்து கிடந்தால் அந்தப் பொடிக்கு வயதாகிவிட்டது.

பில்டர் பித்தளையா எவர்சில்வரா என்பது பெரிய விஷயமில்லை. துளைகள் அடைபடாமல் இருப்பதுதான் விஷயம். மேல் பாத்திரத்தை அவ்வப்போது அனலில் காட்டி, துளைகளில் இறுகிய பொடியைக் கருக்கித் தட்டிவிடுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம். பொடியைப் போட்டு, குடையால் அழுத்தி இறுக்காமல் சமன்படுத்த வேண்டும். நைஸாக அரைத்தால் பில்டர் இறங்காது. கொரகொரப்பாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். தளதளவென்று கொதித்த தண்ணீரை ஒரு கணம் அடங்கவிட்டு, முதலில் பொடி நனையும் அளவு, பிறகு மீதி. சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் மூடியைத் திறந்து பார்ப்பது, தட்டுவது, ஆட்டுவது எல்லாம் வேண்டாத வேலை. அப்படி இறங்கும் முதல் டிகாக்ஷனைத்தான் நம்மவர்கள் கள்ளிச்சொட்டு என்றார்கள். இரண்டாம் டிகாக்ஷன் சிக்கனத்துக்கு, விருந்தாளிக்கு அல்ல.

இறங்கிய டிகாக்ஷனை அடுப்பில் வைத்துச் சுடவைப்பது காப்பிக்குச் செய்யும் துரோகம். மணம் பறந்து கசப்பு மட்டும் மிஞ்சும். சூடு பாலிலிருந்து வர வேண்டும்.

பாலில் கும்பகோணம் மரபே எனக்கு உச்சம். தண்ணீர் கலக்காத பசும்பால், ஒரே ஒரு கொதி. ‘டிகிரி’ என்பது லாக்டோமீட்டரில் தேறிய பாலைக் குறித்தது என்பார்கள். முதல் டிகாக்ஷனைக் குறித்தது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் இரண்டும் இருந்தால்தான் அது டிகிரி காப்பி. எருமைப்பாலின் கொழுப்பு நாக்கில் படிந்து மணத்தை மறைத்துவிடுகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் ஆடைவாடை ஏறும். நெடுஞ்சாலை ஓரங்களில் கும்பகோணத்தின் பெயரைத் தாங்கிய பலகைகள் வரிசையாக நிற்கின்றன. பித்தளை டபரா டம்ளர் மினுமினுக்கிறது. உள்ளே காலையில் இறக்கிய டிகாக்ஷனும் நாலாம் கொதி கண்ட பாலும் இருந்தால் பித்தளை என்ன செய்யும்?

சர்க்கரை அவரவர் பாடு. தென்மாவட்டத்துக் கருப்பட்டிக் காப்பி தனி மரபு. கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்துவிடும் என்பதால் கருங்காப்பியாகவே அது சிறக்கிறது. ஆற்றுவது நுரைக்காக மட்டுமல்ல, டிகாக்ஷனும் பாலும் ஒன்றாகக் கூடுவதற்கு. இரண்டு ஆற்று போதும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொடி வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன கொட்டை, என்றைக்கு வறுத்தது, சிக்கரி எத்தனை பங்கு. பதில் சொல்லத் தெரிந்த கடையில், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.