நன்னூல் சொன்ன ஆடும் டூயோலிங்கோ ஆந்தையும்

சென்ற ஆண்டு மேல்சித்தாமூர் தேர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அன்றிரவு என் பேத்தி அழுத அழுகை இன்னும் மனசில் நிற்கிறது. செல்போனுக்கு சிக்னல் கிடைக்காமல், டூயோலிங்கோவில் விடாமல் கொரிய மொழி படித்து வந்த 212 நாள் கணக்கு அறுந்து போயிற்றாம். "படிச்சது மனசுலதானே இருக்கு, எங்கேம்மா போயிடும்?" என்றேன். "நம்பர் போச்சே தாத்தா!" என்றாள். மறுநாள் மடத்துச் சுவரில் இருந்த தமிழ்ப் பலகையை அவளால் படிக்க முடியவில்லை. நீலசந்திராவில் பிறந்து, வீட்டில் தமிழே பேசி வளர்ந்த பெண்.

டூயோலிங்கோ 2012இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் சின்னம் பச்சை ஆந்தை. (நம் ஊரில் ஆந்தை அலறினால் நல்லதில்லை என்பார்கள், அது போகட்டும்.) கிளிங்கான் என்ற சினிமாக் கற்பனை மொழிக்கு 2018இல் அதில் பாடம் வந்துவிட்டது. அப்போது தமிழுக்கு இல்லை.

விளையாடிக் கற்பது நமக்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம் ஆடுகிறோம். ஞான சௌபட் என்ற பெயரில் வடநாட்டுச் சமணரிடமும் அத்தகைய பலகை உண்டு. பாம்பில் இறங்கி ஏணியில் ஏறி, கடைசிக் கட்டம் வீடுபேறு. அத்தோடு ஆட்டம் முடியும். ஆந்தையின் ஆட்டத்திலோ வாராவாரம் புதுப் பந்தயம். மொழிக்காக வந்த விளையாட்டு போய், விளையாட்டுக்காக மொழி என்றாகிவிடுகிறது.

இதை அளக்க நம்மிடமே ஒரு கோல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம்தான் அது. அந்தச் சீயகங்கனின் கங்கர் குடி ஆதியில் ஆண்டது, நமக்குப் பக்கத்துக் கோலாரிலிருந்து. மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று முனிவர் தரம் பிரிக்கிறார். ஆடு ஒரு செடியிலும் வயிறு நிறைய மேயாமல் செடிக்குச் செடி தாவும். பேத்தியின் போனில் ஐந்து நாட்டுக் கொடிகள் இருந்தன! நெய்யரி நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். மொழியை விட்டுப் புள்ளியைப் பிடித்தவளும் அப்படித்தானே?

இன்னொன்றும் முனிவர் சொல்கிறார். ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வரும். உடன் படிப்போரோடு பயில ஒரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். செயலி தருவது முதல் கால். அதை ஒழுங்காகவே தருகிறது. சொன்னதையே இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கிறது. இருமுறை மும்முறை கேட்கச் சொன்ன நன்னூலாருக்கு அதில் மனத்தாங்கல் இராது.

செயற்கை நுண்ணறிவு இரண்டாவது காலைத் தருமா? 2023 மார்ச்சில் ஜிபிடி-4ஐச் சேர்த்து, அதிகக் கட்டணம் கட்டுவோருக்கு எந்திரத்தோடு உரையாடும் வசதியைக் கொண்டுவந்தார்கள். காப்பிக் கடையில் பேசுவதுபோல் பேசலாம். பிழையை விளக்கும், சலித்துக்கொள்ளாது. கூச்சமுள்ள பிள்ளைக்கு இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் நான் பாத்திரக் கடையில் வேலைக்கு நின்ற புதிதில் ஓர் அம்மாள் "பேடா" என்றார். இனிப்பு கேட்கிறார் என்று பக்கத்துக் கடையைக் கை காட்டினேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்! கடையே சிரித்தது, வியாபாரமும் போயிற்று. அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் மறந்ததே இல்லை. எந்திரத்திடம் தப்பாகப் பேசினால் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. என் கணக்கில் அதன் குறையே அதுதான்.

ஒன்றிய அரசின் பாஷா சங்கம் செயலி 2021இல் வந்தது. 22 மொழிகளில் நூற்றுக்கு மேற்பட்ட அன்றாட வாக்கியங்கள். நல்ல முயற்சிதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே வாக்கியங்கள். தமிழ்ப் பிள்ளைக்குக் கன்னடம் பாதி தெரிந்த மொழி என்ற எண்ணமே அதில் இல்லை. பழங்கன்னடத்தில் சொல் முதலில் நின்ற பகரம் பல இடங்களில் பின்னால் ஹகரமாயிற்று. ஹாலு பால், ஹூவு பூ, ஹத்து பத்து, ஹெசரு பெயர். பெங்களூரைச் சுற்றிலும் உள்ள ஹள்ளிகளெல்லாம் பள்ளிகளே. அதே 13ஆம் நூற்றாண்டில் கன்னடத்துக்குச் சப்தமணிதர்ப்பணம் என்ற இலக்கணம் செய்த கேசிராசனும் சமணர்தான். விளையாட்டுச் செயலி செய்யும் நம் கம்ப்யூட்டர் பிள்ளைகள் இந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாமே!

பேத்திக்குப் பள்ளியில் படித்த கன்னட எழுத்து தெரியும். ஹகரத்தை எடுத்துவிட்டுப் பகரம் போட்டுப் பாரம்மா என்றேன். ஒரு வாரம் பஸ் பலகை, கடைப் பலகை ஒன்று விடவில்லை. சில சொற்கள் மசியவில்லை, என்னோடு சண்டைக்கு வந்தாள். கன்னட எழுத்துக்கு நேரே தமிழ் எழுத்தை எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். கொரியப் பாடமும் நடக்கிறது, ஆந்தையும் இருக்கிறது. இப்போது தம்பிக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருவது அவள்தான். அவனுக்கு ழகரம் வரவில்லை என்று நேற்று என்னிடம் புகார் சொன்னாள்.