தடை செய்த பொருளுக்கும் ஒரு பேட்டரி உண்டு

போன வாரம் அடையாறு நண்பர் ஒருவர், காகிதத்தில் சுற்றிய ஒரு பொருளைக் கையில் கொடுத்தார். பையனுடைய அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது கிடைச்சதாம். "நீங்க இன்ஜினியர்தானே, இதை எங்க போடறதுன்னு சொல்லுங்க." நான் எழுதுவது கோட். ஆனாலும் நம்ம ஊரில் பி.இ. என்றால் மிக்ஸி ரிப்பேர் வரைக்கும் தெரிஞ்சிருக்கணும். பிரித்தால், ஒரு வேப். உறை விரிசல் விட்டு, உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது.

2019ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. விற்று முதல்முறை மாட்டினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரி, கருவியை எப்படி வரையறுக்கிறது? ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுப்பதற்கான ஆவியை உண்டாக்கும் மின்னணுச் சாதனம். அந்தச் சூட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருது என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. தடை சரிதான் என்பது என் கட்சி. ஆனா தடை போட்டதும் பொருள் ஊரை விட்டே போய்விட்டது என்ற நினைப்பில் எழுதிய சட்டம் இது.

அடுத்து 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். நல்ல விதிகள்தான், 2001இன் பழைய விதிகள் ஈய-அமில பேட்டரியோடு நின்றுவிட்டன, இவை எல்லா வகையையும் சேர்த்துக்கொள்கின்றன. திரும்ப வாங்கும் பொறுப்பு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த தயாரிப்பாளருக்கு. கடத்தி வந்த வேப்புக்கு யார் தயாரிப்பாளர்? உரிமையாளர் என்ற கட்டம் காலியாக வரும் என்று யோசிக்காமல் எழுதிய புரோகிராம் மாதிரி, விதி அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு மின்கழிவு மையத்துக்கு போன் போட்டேன். "லேப்டாப், மொபைல்னா கொண்டு வாங்க சார். அதுவும் உப்பினது வேற, வேண்டாம்."

அவங்க பயம் நியாயமானது. லித்தியம் அயன் செல்லில் இரு மின்முனைகளையும் பிரித்து வைப்பது, தலைமுடியை விட மெலிசான ஒரு பிளாஸ்டிக் படலம். நசுங்கினால் அது கிழியும். உள்ளேயே ஷார்ட் ஆகும். சூடு ஏற ஏற வேதிவினை வேகமாகி, இன்னும் சூட்டைக் கிளப்பும். உள்ளிருக்கும் திரவமோ எரியக்கூடியது. குப்பை லாரி செய்வதே அழுத்தி நசுக்குவதுதான் என்பதை நினைச்சுப் பாருங்க.

2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், மேலே பை வைக்கும் இடத்தில் ஒரு சாம்சங் நோட் 2 புகைந்தது. ஊழியர்கள் தீயணைப்பானை அடித்துவிட்டு, போனைக் கழிவறையில் தண்ணீருக்குள் போட்டார்கள். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. என்ன செய்யணும்னு அவங்களுக்குப் பயிற்சி இருந்தது. காலையில் நம் தெருவில் குப்பை எடுக்க வருகிறவருக்கு?

இப்போதைக்கு அது என் பால்கனியில், பழைய முறுக்கு டின்னில், காய்ந்த மணலுக்குள் கிடக்கிறது. வாயு வெளியேற வழி வேணும் என்று மூடியை இறுக்கவில்லை. நண்பர் தினம் கேட்கிறார், என்ன ஆச்சுன்னு.