எண்ணாமல் விட்டவன்

1

பயணம் போகிறவன் ஊர்களை எண்ணுகிறான். கோபுரங்களை எண்ணுகிறான். ராத்திரி லாட்ஜ் அறையில் உட்கார்ந்து கையிருப்பை எண்ணுகிறான். எண்ணிக்கொண்டிருக்கிற தன்னை மட்டும் விட்டுவிடுகிறான். நான் படித்த பயண நூல்களில் பெரும்பான்மை இந்தத் தப்புக் கணக்கோடுதான் முடிகின்றன.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு நண்பர்கள் இரண்டு மூன்று பேராக இந்தியாவைச் சுற்றுவது, முதலில் திகைப்பது, பிறகு இசைந்துபோவது என்பது இன்று ஆங்கிலத்தில் நன்றாகக் கிளைவிட்டுவிட்ட ஓர் எழுத்து வகை. இதற்கு வாய்ப்பாடு எழுதிக் கொடுத்தவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் (1960இல் கட்டுரையாக வந்தது) பண்பாட்டு அதிர்ச்சியை அவர் ஒரு நோயாகவே வைத்துப் பேசினார். நோய்க்குப் படிகளும் வகுத்தார்: தேனிலவு, நெருக்கடி, மீட்சி, இசைவு. அயல்நாட்டில் வேலைக்குப் போய்த் தவித்தவர்களுக்குச் சொன்ன நடைமுறை யோசனை என்ற அளவில் அதில் குற்றமில்லை. எழுத்தாளர்கள் அதை ரயில்வே கால அட்டவணையாக எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. முதல் அத்தியாயத்தில் வர்ணங்கள். இரண்டாவதில் வயிற்றுப்போக்கு. மூன்றாவதில் டிக்கெட் கவுண்டரில் சண்டை. நான்காவதில் பெயரில்லாத ஒரு கிழவி டீயும் கொடுத்து ஞானமும் கொடுப்பாள். வண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

இதில் அரியலூர் வங்கிக் கிளை ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கிறவனுக்கு என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். அந்த வண்டிகளின் ஜன்னலில் ஓடி மறைகிற ஊர்களில் ஒன்றில்தான் நான் வசிக்கிறேன். திருச்சியிலிருந்து விருத்தாசலம் வழியாக விழுப்புரம் போகும் கார்டு லைனில் அரியலூர் ஒரு ஸ்டேஷன். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூர் ஒரு பஸ் நிறுத்தம். இரண்டிலும் உல்லாசப் பயணி இறங்குவது அபூர்வம். கங்கைகொண்ட சோழபுரம் 2004இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்ததால் அங்கே மட்டும் தஞ்சாவூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து, அரை நாளில் திரும்பிவிடுகிறார்கள். மற்றபடி நாங்கள் ஜன்னல் காட்சி. காட்சிக்கும் கண் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

இந்தத் தப்புக் கணக்கைப் பற்றி நான் அறிந்த மிகக் கூர்மையான விமர்சனத்தை எழுதியவர், எங்கள் பக்கத்தில் வந்து தங்கிய ஓர் அயல்நாட்டுக்காரர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680இல் இத்தாலியில் பிறந்தவர். ஏசு சபைப் பாதிரியாராகப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை மிஷனுக்கு வந்தார். அரியலூருக்குத் தெற்கே, கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் ஏலாக்குறிச்சிதான் அவர் பாடிய திருக்காவலூர். பாடப்புத்தகம் அவரை வீரமாமுனிவர் என்ற சிலையாக்கி, 3615 பாட்டுக்கள் கொண்ட தேம்பாவணி, 1732இல் முடித்த சதுரகராதி, எகர ஒகர எழுத்துச் சீர்திருத்தம் என்று பீடத்தில் பொறித்து வைத்திருக்கிறது. பீடத்தில் இடமில்லாமல் போன புத்தகம் பரமார்த்த குருவின் கதை. பள்ளிக்கூடத்தில் சிரித்துவிட்டு மூடிவிடுகிறோம். திரும்பத் திறப்பதில்லை.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களோடு பரமார்த்த குரு ஊர் ஊராக அலைகிறார். வழியில் ஓர் ஆறு. ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துச் சோதித்து, பயந்து, பிறகு ஒரு வழியாகக் கடந்துவிடுகிறார்கள். கரையேறியதும் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவதால் ஆறு பேரில் ஐந்து பேரே தேறுகிறார்கள். ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று கதறல். அவ்வழியே வந்த ஒருவன் விஷயத்தைப் புரிந்துகொள்கிறான். காணாமல் போனவனைத் தன் வித்தையால் வரவழைப்பதாகக் கூலி பேசிக்கொண்டு, கையிலிருந்த கோலால் வரிசையாக ஒவ்வொருவன் முதுகிலும் ஒன்று வைக்கிறான். அடி வாங்கியவன் தன்னைச் சொல்கிறான். ஆறு அடி, ஆறு பேர். கணக்கு நேராகிவிடுகிறது.

இந்த எண்ணிக்கைக் கதை இங்கிலாந்தில் கோதம் ஊர்ப் புத்திசாலிகளின் பேரிலும் வழங்குகிறது. ஆகையால் பெஸ்கி இதை இங்கே கேட்டாரா, கப்பலில் கொண்டுவந்தாரா என்ற ஆராய்ச்சியில் எனக்கு ருசி இல்லை. இரண்டு கரையிலும் இருக்கிற கதையை இரண்டு கரையும் தெரிந்த ஒருவர் எழுதினார். எனக்கு முக்கியம் இரண்டு விஷயங்கள்.

ஒன்று, நான்காவது சீடனின் பெயர். மற்ற நான்கும் முட்டாள் என்பதன் பர்யாயங்கள். மிலேச்சன் என்றால் அந்நியன், நாகரிகமற்ற பரதேசத்தான். பெஸ்கியையும் அவர் சபையாரையும் குறிக்க இங்கே எளிதில் வாயில் வந்திருக்கக்கூடிய சொல். அதைக் கூச்சமில்லாமல் எடுத்து முட்டாள்களின் வரிசையில் ஓர் ஆளாக நிறுத்தியிருக்கிறார். அவர் இதை எண்ணித்தான் செய்தாரா என்று நிரூபிக்க முடியாது, அது தேவையுமில்லை. பிரதியில் அந்நியன் எண்ணிக்கைக்குள் இருக்கிறான். கரையில் நின்று மற்றவர்களை எண்ணிச் சிரிக்கிற இடம் அவனுக்குத் தரப்படவில்லை.

இரண்டாவது, அந்தக் கோல். தான் இருக்கிறோம் என்பது சீடர்களுக்கு யோசித்துத் தெரியவில்லை; முதுகில் விழுந்த அடியில் தெரிகிறது. ஓபெர்க் நோய் என்று சொன்னதைப் பெஸ்கியின் கதை வைத்தியமாகக் காட்டுகிறது. அதிர்ச்சி என்பது பயணிக்கு அவன் எண்ணைச் சொல்லிக் கொடுக்கிற அடி. அது வலிக்கத்தான் செய்யும். கூலியும் கொடுக்க வேண்டும்.

பெஸ்கியைப் புனிதராக்குவது என் நோக்கமல்ல. அவர் மதம் மாற்ற வந்தவர். குருவைக் கோமாளியாக்கியதில் இந்நாட்டுக் குருமார்களை இடிக்கிற மிஷனரிக் குறும்பும் கலந்திருக்கலாம். ஆனால் நோக்கத்தைத் தாண்டி எழுத்து போய்விட்டது.

3

இனி மற்றொரு நண்பர் குழாம். 1961 டிசம்பரில் அமெரிக்கக் கவிஞர் கேரி ஸ்னைடரும் அவர் மனைவி ஜோஆன் கைகரும் ஜப்பானிலிருந்து கப்பலில் இலங்கை வந்திறங்கினார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, திருவண்ணாமலை, புதுச்சேரி என்று வடக்கே போனார்கள். ஆலன் கின்ஸ்பெர்க்கும் பீட்டர் ஓர்லோவ்ஸ்கியும் 1962 பிப்ரவரியில் பம்பாயில் இறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். நால்வருமாக இமயமலை அடிவாரத்தில் திரிந்தார்கள். தர்மசாலாவில் தலாய் லாமாவைச் சந்தித்தார்கள். பின்னால் ஹிப்பிகள் என்றும், முதுகுப்பைப் பயணிகள் என்றும் வந்த கூட்டத்துக்கெல்லாம் இவர்களே முன்னோடிகள். அதிர்ஷ்டவசமாக மூன்று பேர் மூன்று புத்தகம் எழுதிவைத்தார்கள். கின்ஸ்பெர்க்கின் இந்தியக் குறிப்பேடு 1970இலும், கைகரின் ஜப்பான் - இந்தியக் குறிப்பேடு 1981இலும், தங்கைக்குக் கடிதமாகத் தொடங்கிய ஸ்னைடரின் பயண நூல் 1983இலும் வெளிவந்தன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்ல பயிற்சி.

ஸ்னைடர் நல்ல குமாஸ்தா. இதை என் தொழிலின் மிக உயர்ந்த பாராட்டாகச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பெட்டி, சத்திரம், சாப்பாடு, விலை, செடி, கல் எல்லாம் பேரேட்டில் பதிவாகின்றன. பேரேட்டை எழுதும் கை மட்டும் அதிகம் தெரிவதில்லை. கின்ஸ்பெர்க் நேர் எதிர். கனவு, போதை, மரண பயம், குரு வேட்டை என்று அவர் பக்கங்கள் பூராவும் அவரே. ஆனால் தன்னையே பேசுவது தன்னை எண்ணுவது ஆகாது. காசிச் சுடுகாட்டின் முன் உட்கார்ந்து எரியும் உடலைப் பார்த்து எழுதும் இடங்களில்தான் அவர் தன் இரைச்சலை விட்டு வெளியே வருகிறார். அந்தப் பக்கங்களுக்காக மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கும் குருவைத் தேடிய அவருக்குக் கணக்கு நேரானது இந்தியாவை விட்டுப் போன பிறகு. 1963 ஜூலையில் ஜப்பானில், கியோட்டோவிலிருந்து டோக்கியோ போகும் ரயிலில் எழுதிய கவிதையில்தான் தரிசன வேட்டையை விட்டுத் தன் உடம்புக்குத் திரும்பி வருகிறார்.

கைகர்தான் எண்ணத் தெரிந்தவர். தலாய் லாமாவிடம் கின்ஸ்பெர்க் போதைப் பொருள் அனுபவத்தைப் பற்றியும், ஸ்னைடர் தியானத்தைப் பற்றியும் பேசிய காட்சியை அவர் எழுதும்போது, பேசியவர்கள் பேசியதைவிட எப்படிப் பேசினார்கள் என்பது துல்லியமாகத் தெரிகிறது. தன் எரிச்சல், உடம்பு அசௌகரியம், உடை, கணவரோடு உரசல் எதையும் அவர் சில்லறை என்று ஒதுக்கவில்லை. அவரும் கவிஞர் என்பது அந்தக் கூட்டத்தில் அடிக்கடி மறந்துபோகிற விஷயம். எண்ணிக்கையில் விடுபடுவது என்றால் என்ன என்று அவருக்கு உடம்பிலேயே தெரியும். அதனால் நால்வரையும் எண்ணினார். நான்கு வந்தது.

நம் சிறுபத்திரிகைகள் கின்ஸ்பெர்க் பெயரை உச்சரித்த அளவுக்குக் கைகர் பெயரை உச்சரிக்கவில்லை. நாமும் மூன்றோடு நிறுத்திக்கொண்டோம் என்றுதான் அர்த்தம்.

4

அயலாரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டு நம்மவர்களை விட்டுவிடுவது முறையல்ல. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து பயணம் செய்து சேர்ந்து எழுதிய நடந்தாய் வாழி காவேரி 1971இல் வந்தது. இரண்டு நண்பர்கள் ஓர் ஆற்றோடு போகிறார்கள். தமிழில் இவ்வளவு ரசனையோடு எழுதப்பட்ட பயண நூல்கள் மிகச் சில. ஆயினும் அதில் வரும் 'நாங்கள்' எனக்குச் சற்றுச் சுகமாகப் படுகிறது. புராணமும் சங்கீதமும் கல்வெட்டும் தெரிந்த இரண்டு பேர் தங்களுக்குச் சொந்தமான ஒன்றைப் பார்க்கப் போகிறார்கள். கரையில் நிற்பவர்கள் அவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பது, என் வாசிப்பில், குறைவாகவே வருகிறது. அவர்கள் பாதை காவேரியின் பாதை. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடத்துக்கு வடக்கே நிலத்தின் நிறம் மாறுகிறது. நெல் போய், மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் வருகின்றன. முந்திரிக்காடும் சுண்ணாம்புக்கல் குழியும் சிமெண்டுத் தூசியும் வருகின்றன. பண்பாட்டு அதிர்ச்சிக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. அணைக்கரைப் பாலம் போதும். டெல்டாவிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

போன கோடையில் நானும் பள்ளி ஆசிரியரான ஒரு நண்பரும் பெரம்பலூரிலிருந்து சாத்தனூர் போனோம். அங்கே 18 மீட்டர் நீளத்தில் ஓர் அடிமரம் கல்லாகிக் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி வருஷம். கடல் இந்தப் பக்கம் உள்ளே வந்திருந்த காலத்தில் அடித்துக்கொண்டு போய்ப் புதைந்தது. 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் உலகத்துக்குத் தெரிவித்தார். பாறை அடுக்குகளில் ஒரு தொகுதிக்கே அரியலூர் என்று பெயர். ரயிலை விட்டு இறங்காத உலகம் புவியியல் புத்தகத்தில் எங்கள் ஊரை மிதித்துக்கொண்டுதான் போகிறது. வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் தோள்பைகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எந்த ஆபீசு தம்பி?"

"ஆபீஸ் இல்லைங்க ஐயா. சும்மா மரத்தைப் பாக்க வந்தோம்" என்றார் நண்பர்.

"சும்மா யாரு வருவா? ஒண்ணு கல்லு பாக்க வருவாங்க. இல்ல, கடன் பாக்க வருவாங்க. நீங்க எது?"

நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வங்கி என்று சொன்னேன். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு ஆடுகள் பக்கம் போய்விட்டார். ஞானமும் தரவில்லை, டீயும் தரவில்லை. கோலைக்கூட ஓங்கவில்லை. ஆனால் இந்த நிலத்தில் தோள்பையோடு வருகிறவனுக்கு எத்தனை இடம் உண்டு, அதில் என்னுடையது எது என்று கணக்கு முடிந்துவிட்டது. 12 கோடி வருஷத்து மரத்தைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அதை எழுதுகிறவன் கடன் பார்க்கிறவன்தான்.

5

இதை எழுதத் தூண்டியது தமிழில் இப்போது பெருகிவரும் பயண எழுத்து. லடாக்கும் காசியும் மேகாலயாவும் பார்த்துவிட்டு நம் இளைஞர்கள் நண்பர்களோடு திரும்பி வருகிறார்கள். நல்ல காரியம். வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்து எழுதிய நான்கு படிகளை அப்படியே வடக்கத்தியான் மேலும் மலைவாசி மேலும் போட்டு எழுதுகிறார்கள். அங்கேயும் நான்காம் அத்தியாயத்தில் டீயோடு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். தமிழ்நாட்டில் எந்தச் சாதியில், எந்தச் சம்பளத்தில், எந்த மொழி தெரியாமல் வந்தவன் தன் அறைக்கு வாடகை பேசினான் என்பது பக்கத்தில் இல்லை. அதிர்ச்சியைத் தாண்டி இசைவுக்கு வந்துசேர அவசரம்.

இசைவைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்பதே என் விண்ணப்பம். அடி விழுந்த இடத்தை முதலில் எழுதுங்கள். யார் அடித்தார், என்ன கூலி வாங்கினார், உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று எழுதுங்கள். மரமும் மலையும் பிறகு வரட்டும்.

இதனால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெஸ்கியும் சொல்லவில்லை. எண்ணிக்கை நேரான பிறகும் அவருடைய சீடர்கள் புத்திசாலிகள் ஆகிவிடவில்லை. அதே முட்டாள்தனத்தோடு மேலும் பல அத்தியாயங்கள் அலைந்து, கடைசியில் குருவையும் இழக்கிறார்கள். ஆனால் அந்த அத்தியாயங்களில் அலைகிறவர்கள் ஆறு பேர்.