வயற்காவலுக்கு ஒரு கன்வஸ் கூடாரம்

தறப்பாளுக்குக் கீழே ஒரு மத்தியானம் இருந்து பார்த்தவருக்குத்தான் கன்வஸின் அருமை விளங்கும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும், பிறகு மீள்குடியேறிய காணிகளிலும் வன்னிச் சனத்தில் எத்தனையோ பேருக்குக் கூரையாக இருந்தது நிவாரணத் தறப்பாள்தான். நெய்த பிளாஸ்ரிக்கின் இரு பக்கமும் படலம் ஒட்டிய சாமான் அது. மழை உள்ளே வராது. வெக்கையும் வியர்வை ஆவியும் வெளியே போகாது. விடியப்புறம் கூரையின் உட்பக்கம் வியர்த்துச் சொட்டும்.

பெரும்போகக் காவலுக்கென்று இம்முறை வயற்கரையில் அடித்தது பருத்தி கன்வஸ் கூடாரம். சரியான பாரம், தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் ஆவி துணியூடாகப் போய்விடுவதால் உச்சி வெயிலிலும் உள்ளே குந்தியிருந்து சோறு தின்னலாம்.

கடையில் தண்ணீர் புகாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாளியால் ஊற்றிப் பார்த்தோம். துணி தாங்கியது, தையல் தாங்கவில்லை. ஊசித்துளைகளால் முத்துமுத்தாக உள்ளே இறங்கியது. இதற்குப் பயப்படத் தேவையில்லை. நன்றாக நனைத்து, முழுக்கக் காயவிட்டு, திரும்பவும் நனைத்தால் பருத்தி நூல் ஊதித் துளைகளை அடைத்துக்கொள்ளும். பொலியெஸ்ரர் நூலால் தைத்திருந்தால் அப்படி ஊதாது. வாங்க முதல் துணியை விட நூலைப் பாருங்கள்.

கூடாரத்தின்மேல் பூசியது தண்ணீரில் கலந்த சிலிக்கோன் திரவம். தையலுக்கு மட்டும் இரண்டு தரம். காய்ந்த பின் ஊற்றிய தண்ணீர் சேம்பிலையில் போல உருண்டோடுகிறது. கயிறும் கம்பும் உரசும் இடங்களில் பூச்சு கெதியில் தேய்கிறது; அந்த இடங்களுக்கு ஒவ்வொரு மாரிக்கு முன்னும் திரும்பப் பூச வேண்டும். மெழுகை மண்ணெண்ணெயில் கரைத்துப் பூசினால் மலிவு என்பார்கள் சிலர். அடுப்பும் குப்பி விளக்கும் எரியும் இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். 1944 ஜூலை 6ஆம் திகதி அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் மெழுகும் பெற்றோலும் பூசிய சர்க்கஸ் கூடாரம் எரிந்து 160க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

பாவிக்கும்போது இரண்டு விடயம். மழை பெய்கையில் உட்பக்கத் துணியில் முதுகோ பெட்டியோ முட்டக்கூடாது. முட்டிய இடத்தால் ஒழுகத் தொடங்கும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும்; மழை இருட்டுகிறபோதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஊத்தை பட்டால் காயவிட்டு பிறஷால் தட்டினால் போதும். சவர்க்காரத்தூள் பூச்சையும் சேர்த்துக் கழுவிவிடும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம், நிலத்தில் வைத்தால் கறையான். பூஞ்சணம் தின்ற கன்வஸ் விரலால் இழுத்தாலே கிழியும், அதற்கு மருந்தில்லை.

லொறியில் நெல்மூட்டையை மூடவோ, 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்ததுபோல் வெள்ளம் வந்தால் இரவோடிரவாக ஒரு கூரை போடவோ தறப்பாள்தான் வேண்டும். கைக்கு லேசு, காயவைக்கும் வில்லங்கமும் இல்லை. ஒரு போகம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கப்போகிறவர் கன்வஸ் வாங்கலாம். மாரி முடிய அதை விரித்துக் காயவைக்க முற்றமும், உயரத்தில் வைக்க ஒரு பரணும் இல்லாதவர் அந்தக் காசைச் செலவழிக்கவே வேண்டாம்.