நீரும் சுவரும் பேசும் பேரம்

கந்தளாய்க் குளக்கட்டில் மாலை நடைக்கு வருபவர்கள் குளத்தின் நடுவைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அலைகரைக் கற்களைப் பார்க்கப் பிடிக்கும். அலை கல்லில் ஏறும், இடுக்கில் புகும், பொடிக்கல்லை இழுத்துக்கொண்டு இறங்கும். கல் அலையை மடக்கும். அலை கல்லை அசைத்துப் பார்க்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணினியில் பிடிப்பவர்களின் கைவேலைக்கு நான் ரசிகன்.

நீருக்கு ஒரு கணக்கு, திடப்பொருளுக்கு ஒரு கணக்கு. தனித்தனியே இரண்டும் பழகியவைதான். வித்தை அவை தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. நீர்க்கணக்கு 'இவ்வளவு அழுத்தம்' என்னும். சுவர்க்கணக்கு 'அப்படியானால் இவ்வளவு வளைகிறேன்' என்னும். வளைந்ததும் நீரின் இடம் மாறிவிடும், அழுத்தமும் மாறிவிடும். சந்தைப் பேரம் மாதிரி, ஒரு விலைக்கு வரும்வரை இரண்டும் போய்வர வேண்டும்.

விமான இறக்கையில் இந்தப் பேரம் சுலபம். காற்று லேசு, இறக்கை கனம். இரத்தக்குழாயிலோ சுவரும் இரத்தமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. குளத்தில் இறங்கி உள்ளங்கையை வேகமாக அசைத்துப் பாருங்கள், கையோடு கொஞ்சம் நீரையும் சுமப்பதுபோல் கனக்கும். அந்தக் கூடுதல் கனத்தை ஒரு சுற்றுப் பிந்திக் கணக்கில் எடுத்தால் பேரம் முறிந்து எண்கள் தாறுமாறாக ஏறும். பிழை வந்தால் நேரத்தை இன்னும் பொடியாக நறுக்கு என்பது கணிப்பாளரின் கைமருந்து. இங்கே நறுக்க நறுக்க நோய் முற்றும்! பலர் கைக்கொள்ளும் மருந்து, 1926இல் கணிதர் அலெக்சாண்டர் எய்ட்கன் வேறொரு தேவைக்காகக் கண்ட உபாயத்தின் வழிவந்தது: கடைசி இரண்டு சுற்றின் பிழைகளைப் பார்த்து, அடுத்த சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று தீர்மானிப்பது.

ஆனால் என் மனம் லயிப்பது சார்ல்ஸ் பெஸ்கின் 1972இல் இதய வால்வுக்குக் காட்டிய வழியில். வேறு முறைகளில் வால்வு அசைய அசைய நீரைக் கட்டங்களாகப் பிரிக்கும் கணக்குவலையையும் இழுத்து வளைப்பார்கள். வலை முறுகிச் சிக்கும். பெஸ்கின் வலையைத் தொடவே இல்லை. சதுரக் கட்டங்கள் அப்படியே நிற்க, வால்வின் இதழை அவற்றின்மேல் மிதக்கும் நூலாக்கினார். நூல் தன் இழுவிசையைப் பக்கத்துக் கட்டங்களுக்குப் பகிரும். அவற்றின் வேகத்தையே வாங்கி நகரும். கரைக்கோடு சற்று மங்கும்தான். கூர்மை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த மங்கல் சம்மதம்.

குளக்கட்டுக்கோ அதுவும் போதாது. இந்தக் குளத்தைக் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியதாகக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் சொல்லும். சிங்கள மரபு இரண்டாம் அக்கபோதி என்னும். யாரானாலும், சமன்பாடு இல்லாமலே மண்ணோடு நீரைப் பழக்கியவர்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலை இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மண்கட்டில் நீர் இங்கே, சுவர் அங்கே என்று கோடு கிழிக்க முடியாது. ஒவ்வொரு துகள் இடுக்கும் ஒரு கரை. மண் அமுங்கினால் நீர் பிதுங்கும், பிதுங்கும்வரை பாரத்தில் பங்கு வாங்கும். மோரிஸ் பியோ 1941இல் இந்த இரண்டையும் ஒரே கணக்கில் கட்டினார்.

இதன் மறுபக்கம் நிலாவெளிக் கடற்கரையில் தெரியும்: ஈரமணலில் கால் பதித்தால் சுற்றிலும் மணல் ஒரு கணம் வெளுக்கும். துகள்கள் விலகி இடம் பெருக, மேல்நீர் உள்ளே இறங்கிவிடும். காலை எடுத்தால் குழியில் நீர் ஊறி நிற்கும்.