சின்ன ஒயரின் முனை

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். சொந்தக்காரர்கள் வெளியூரில், பௌர்ணமிக்குத்தான் வருவார்கள். மொட்டைமாடித் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துவது தானியங்கிப் பெட்டியின் வேலை. பெட்டியை ஆராய்ந்து வாங்குகிறோம். தொட்டியின் மிதவை சுவிட்சிலிருந்து அதற்குள் போகும் 12 அல்லது 24 வோல்ட் ஒயரின் முனையை எப்படி முடித்தார்கள் என்று கேட்பதில்லை. 'ஷாக் அடிக்காத ஒயர்தானே' என்கிறோம். அந்த ஒயருக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் வாதம்.

230 வோல்ட் இணைப்பு தளர்ந்தால் சூடாகும், தீய்ந்த வாடை வரும், விளக்கு சிமிட்டும். மிதவை சுவிட்சின் வழியே ஓடுவதோ சில மில்லியாம்பியர். முனையில் களிம்பு ஏறினால், அதைத் துளைத்துப் பாயும் வலு அதற்கு இல்லை. சத்தமில்லாமல் சிக்னல் நின்றுவிடும். நிறைந்த செய்தி வராததால் பெட்டி மோட்டாரை ஓடவிடும், தண்ணீர் வழியும்.

ஒயர்களை இணைக்க, முறுக்கி டேப் சுற்றுவது வேகமான வழி. ஆனால் கம்பிகளை அழுத்திப் பிடித்திருக்க அதில் எதுவுமில்லை. மாடி வெயிலில் டேப்பின் பசை இளகும். ஐப்பசி மழையில் ஈரம் புகும். திறந்த வெளியில் இதை ஏற்கவே முடியாது.

கம்பியோடு கம்பி சேருமிடத்தில் ஈயப் பற்றவைப்பு நல்லது. ஈயம் பூசிய முனையை ஸ்குருவுக்கு அடியில் கொடுப்பது வேறு. மென்மையான ஈயம் அழுத்தத்தில் மெல்ல விலகும், பிடிமானம் தளரும். வீட்டு மின்சாதனங்களுக்கான ஐஇசி 60335-1 தரநிலை, அந்தத் தளர்வால் தொடுகை கெடாத அமைப்பு இருந்தாலொழிய, இதை அனுமதிப்பதில்லை.

பல இழை ஒயரை அப்படியே முடுக்கினால் இழைகள் விரியும். பக்கத்து முனையைத் தொடவும் கூடும். ஃபெர்ரூல் என்னும் தகரம் பூசிய செம்புக் குழலை மாட்டி, அதற்கான கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்தால் இழைகள் ஒன்றாக இறுகும். நேரம் பிடிக்கும் என்று ஒயர்மேன் சொல்வது உண்மை. கட்டிங் பிளையரால் நசுக்கினால் பயனில்லை என்பதும் உண்மை. ஒற்றைக் கம்பி ஒயருக்கு இது தேவையே இல்லை.

ஆக, பல இழை ஒயர் ஸ்குருவுக்குள் போகுமிடமெல்லாம் உரிய கருவியால் கிரிம்ப் செய்த ஃபெர்ரூல். மாடியில் இணைத்தே ஆக வேண்டுமென்றால், ஈரம் புகாதபடி ஜெல் நிரப்பிய கனெக்டர். இதுவே என் தீர்ப்பு. கூடவே, நிறையும்வரை மூடியிருந்து, நிறைந்ததும் திறக்கும்படி மிதவை சுவிட்சை இணைக்க வேண்டும். அப்போது ஒயர் அறுந்தாலும் மோட்டார் நிற்கும். நல்ல முனையும் ஒருநாள் கெடலாம். ஆளில்லாத வீட்டில் அது கெடும்போது தண்ணீர் வீணாகக் கூடாது.